நிற்காத குதிரை

"நான்தான்ப்பா கொன்னுட்டேன்!" என்று என் தோளில் சாய்ந்து கதறினாள் மகள்.

நூறு கிலோமீட்டர் பந்தயத்தின் எண்பதாவது கிலோமீட்டரில், அவளைச் சுமந்து ஓடிய குதிரை சுருண்டு விழுந்து செத்துப்போயிருந்தது.

கால்நடை மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார். "இதயம் நின்னுபோச்சு. அதுக்கு முன்னாடி கொஞ்சங்கூடவா தளரல?"

"இல்ல டாக்டர். காதை நிமிர்த்திக்கிட்டு ஓடிட்டே இருந்துச்சு. ஒரு தடவை தயங்கியிருந்தாக்கூட இறங்கியிருப்பேனே!"

"ஆச்சரியமா இருக்கே. முடியலன்னா குதிரை தானா நின்னுடுமே!"

நான் சேணத்தின் வாரை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"உன்மேல தப்பில்லம்மா," என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா, இனிமே எனக்கு முடியலன்னா நின்னுடற குதிரையா குடுங்க. நம்ம லாயத்துல அப்படி எது இருக்கு?"

லாயத்தில் இருபத்திரண்டு குதிரைகள். எல்லாமே நான் இணை பார்த்துச் சேர்த்ததில் பிறந்தவை. களைத்தால் தானாக நிற்கும் குதிரைகளும் ஒரு காலத்தில் அங்கே இருந்தன. 'சோம்பேறி ரத்தம்' என்று அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நிற்காமல் ஓடியவற்றை மட்டுமே மூன்று குதிரைத் தலைமுறைகளாக இணைசேர்த்து வந்தேன்.

"பாத்து சொல்றேம்மா," என்றேன்.