ஏழுக்கு ஏழு

"ஓட்டைப் பிரிச்சு எங்க கழுத்தை அறுத்துட்டியேடி!"

டீ இடைவேளை. அக்கா தையல் பிரிவிலிருந்து நேராக அயர்ன் மேசைக்கே வந்துவிட்டாள். தங்கை டீ குடிக்கப் போகாமல் ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்கள் டம்ளரை ஊதுவதுபோல் காதை நீட்டினார்கள்.

தொழிலாளர் குழுத் தேர்தல் முடிவு கால் மணி முன்புதான் அறிவிப்புப் பலகையில் ஏறியிருந்தது. பேக்கிங் ஆட்களை இந்த வருஷம் தன் பக்கம் இழுத்துக்கொண்ட கட்டிங் மாஸ்டர் அணிக்கு 61. அக்காவின் தையல் அணிக்கு 59. தங்கையின் அயர்ன் அணிக்கு 20.

அந்தத் தொழிற்சாலையில் விதி எளிது. அதிக ஓட்டு வாங்கும் அணிக்குக் குழுவின் ஏழு இடமும். மற்ற அணிகளுக்குக் கைதட்டும் உரிமை.

"ரெண்டே ரெண்டு ஓட்டு! நீ நிக்காம இருந்தா உன் ஆளுங்க எங்களுக்குத்தானே போட்டிருப்பாங்க? இப்போ ஏழும் மாஸ்டர் கையில. சாப்பாட்டு நேரத்தை அரை மணியிலேர்ந்து இருபது நிமிஷமாக் குறைக்க முதலாளி கேட்டப்பவே தலையாட்டினவரு அவரு. இனி நடந்துகிட்டேதான் முழுங்கணும்."

"எங்களுக்கும் அதே இருபது நிமிஷம்தானேக்கா."

"தெரிஞ்சுகிட்டேதான் நின்னியா?"

"போன மாசம் இந்தச் சூட்டுல ரெண்டு பேர் மயங்கி விழுந்தாங்க. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டு மூணு வருஷமாச்சு. குழுவுல எங்க ஆள் ஒருத்தராவது இருந்தாத்தான் அந்தப் பேச்சே எழும்."

"எங்ககிட்ட சொன்னா நாங்க பேச மாட்டோமா?"

"போன வருஷம் ஏழும் உன் கையிலதான் இருந்துச்சு."

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் பக்கத்து மேசைக்காரர் புகுந்தார். எல்லோருக்கும் அவர் 'கண்ணாடி'.

"நூத்தி நாப்பது ஓட்டு, ஏழு இடம். இருபது ஓட்டுக்கு ஒண்ணுன்னு பிரிச்சா அவங்களுக்கு மூணு, உங்களுக்கு மூணு, எங்களுக்கு ஒண்ணு. யார் கழுத்தும் அறுபடாது. இதைத்தானே போன வருஷம் உங்க தங்கச்சி எழுதிக் கொண்டாந்தாங்க? நீங்கதானே கையெழுத்துப் போட மாட்டேன்னீங்க?"

"ஜெயிச்சவ எதுக்குய்யா பங்கு வைக்கணும்?" என்றாள் அக்கா.

அது போன வருஷத்துப் பதில். பழக்கத்தில் வந்துவிட்டது.

கழுத்தில் டேப்போடு அந்தப் பக்கமாகப் போன கட்டிங் மாஸ்டர் நின்றார்.

"என்னம்மா, குடும்பச் சண்டையா? நல்லது, நல்லது. அடுத்த வருஷமும் மறக்காம ரெண்டு பேரும் நில்லுங்க."

சிரித்துக்கொண்டே போனார். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கேட்டியா? ஊரே சிரிக்குது. இனி என் வீட்டு வாசப்படி மிதிக்காதே. உன் வீட்டுல நான் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்."

தங்கை அதே காலரை மறுபடி தேய்த்தாள்.

"அதுசரி, உன் பிரிவுல எத்தனை பேரு? இருபத்தொண்ணுதானே? உனக்கு விழுந்தது இருபது. எண்ணிப் பாத்தியா?"

அதுவரை யாரும் எண்ணவில்லை. இப்போது எல்லோரும் எண்ணினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் எல்லார் பார்வையும் கண்ணாடி மேல் போய் நின்றது. அவர் மனைவிக்குத் தையல் பிரிவில்தான் வேலை.

"சத்தியமா நான் இல்லப்பா!"

"கேக்காமலே சத்தியம் பண்றாரே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"வீட்டுல சோறு கிடைக்கணும்ல" என்றது இன்னொன்று.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"விடுங்க" என்றாள் தங்கை. "யாரா இருந்தா என்ன?"

"அதெப்படிம்மா விடறது? கூடவே நின்னு குழி பறிச்சது யாருன்னு தெரிய வேணாமா?" என்றது முதல் குரல்.

"வேணாம்னு சொல்றேன்ல!"

அவள் போட்ட சத்தத்தில் இரண்டு மேசை தள்ளி நின்றவர்கூட டீயைச் சிந்திக்கொண்டார்.

அக்கா கையைத் தட்டிச் சிரித்தாள். "அவரை ஏன் திட்டுறீங்க? இருபத்தொரு பேர்ல ஒருத்தருக்காவது மூளை இருந்திருக்கு. தோக்கிற ஆளுக்கு ஓட்டைப் போட்டு வீணாக்க வேணாம்னு தெரிஞ்சிருக்கு. எழுந்து நில்லுங்கண்ணே, ஒரு கும்பிடு போட்டுக்கறேன்!"

கண்ணாடிக்குக் கண் கலங்கிவிட்டது. "பதினோரு வருஷமா உங்களோடதான் இந்தச் சூட்டுல நிக்கிறேன். இனி எப்படி நிப்பேன்?" என்றபடி இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்க்க ஆரம்பித்தார்.

தங்கை அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டு, போய் அவர் கையைப் பிடித்தாள்.

"கட்டுங்கண்ணே. நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும்."

பிறகு அக்கா பக்கம் திரும்பினாள்.

"ஓட்டுச் சீட்டைக் கையில வாங்குற வரைக்கும் தைரியமாத்தான் இருந்தேன். வாங்கினதும் பயந்துட்டேன். ஒத்தை ஓட்டுல மாஸ்டர் ஜெயிச்சு, எல்லாருக்கும் அந்தப் பத்து நிமிஷம் போயிட்டா என்ன பண்றதுன்னு. என் பேருக்கு நேரா நானே குத்தலைக்கா... உனக்குத்தான் குத்தினேன்."