ராகு காலம் பார்க்கும் வீடு

ஓய்வு பெற்றதும் இருந்த வீட்டை விற்று, தானே ஓடும் வண்டி வீடு ஒன்றை வாங்கினார் என் கணவர் சபேசன். வாங்கிய அன்றே அதற்குப் பஞ்சாங்கம் கற்றுக்கொடுத்தார். பெரிய அறிவாளி.

வெள்ளிக்கிழமை காலையில், திருச்சியிலிருக்கும் எங்கள் மகளுக்குப் பிரசவ வலி என்று தகவல் வந்தது. உடனே கிளம்பினோம். விராலிமலை தாண்டியதும் வண்டி பழுதாகி நின்றது. அது தன்னைச் சரிசெய்துகொள்வதற்குள் ஒரு டீ குடிக்கலாம் என்று நான் மட்டும் இறங்கினேன். திரும்பி வந்தால் கதவு திறக்கவில்லை.

“பழுது நீங்கியது, அம்மா. ஆனால் ராகு காலம் தொடங்கிவிட்டது. முடிந்ததும் புறப்படலாம்,” என்றது வீடு.

“கொஞ்ச நேரந்தானே மரகதம், பொறுத்துக்க,” என்றார் சபேசன், கண்ணாடிக்கு உள்ளேயிருந்து.

“ஆமா, பொறக்கப்போற புள்ளையையும் பொறுத்துக்கச் சொல்லுங்க!”

திருச்சி பஸ் வந்தது. கைகாட்டி ஏறினேன். அப்போதுதான் அவருக்குப் பதறியது.

“ஏய், இரு! நானும் வரேன்!”

“ராகு காலத்தில் படி தாண்டக்கூடாது, ஐயா. தாங்கள் சொன்னதுதான்,” என்றது வீடு.

பேத்தியைக் கையில் வாங்கிய சற்று நேரத்தில் அவர் போனில் கூப்பிட்டார். குழந்தை எப்படி, மகள் எப்படி என்றெல்லாம் கேட்கவில்லை.

“எந்த நேரத்துல பொறந்தா?”

“நீங்க உள்ள பூட்டிக் கெடந்த நேரத்துல,” என்றேன்.