வாளியில் விழும் ஜல்லி

காய்ச்சல் முழுசாக விடவில்லை. ஆனாலும் மாப்பிள்ளை, மாமனாரின் அட்டை ஆலைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். இரண்டு நாள் படுக்கையில் கிடந்தாயிற்று. மாமனார் இதற்குள் பம்ப்பின் அந்தச் சின்ன வால்வை மூடியிருப்பார்.

மூடியிருந்தால் பம்ப் போச்சு. பம்ப் போனால் தன் எஞ்சினியர் வேலையும் போச்சு. எல்லார் முன்னாலும் மாமனார் அப்படித்தான் அடித்துச் சொல்லியிருந்தார்.

ஈர அட்டையிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் வாக்குவம் பம்ப் அது. போன மாதம் உள்ளே ஜல்லி உருளுவதுபோல் கத்த ஆரம்பித்தது.

பம்ப்புக்குப் போகும் தண்ணீர் சூடு, உறிஞ்சும்போது கொதித்துக் குமிழியாகிறது, குமிழி உடைந்து இரும்பைக் கடிக்கிறது, குளிர்ந்த தண்ணீர் விட்டு, வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால் போதும் என்று மாப்பிள்ளை தலைதலையாக அடித்துக்கொண்டார்.

"குமிழி இரும்பைத் தின்னுமா? யாருக்குக் காது குத்துறீங்க மாப்பிள்ளை?" என்றார் மாமனார். எவனோ உள்ளே ஜல்லியைப் போட்டுவிட்டான் என்பது அவர் கட்சி.

பம்ப்பைப் பிரித்தார்கள். உள்ளே சுழலும் இரும்பு இறக்கையெல்லாம் அரித்துக் குழி குழியாக இருந்தது. ஜல்லி மட்டும் இல்லை.

மாமனார் அசரவில்லை. ஜல்லியைப் போட்டவனே அதைத் திருடியும்விட்டான் என்று சொல்லி, காவலாளியை வேலையைவிட்டு அனுப்பக் கிளம்பினார்.

பாவம், பிள்ளைகுட்டிக்காரர். மாப்பிள்ளை வாயில் வந்த பொய்யைச் சொன்னார்: ஜல்லி சுடுதண்ணீரோடு வருகிறது, வால்வைத் திறந்தால் வெளியே விழுந்துவிடும்.

காற்றை உள்ளே இழுக்கும் வால்வு அது. அதிலிருந்து ஒரு தூசுகூட வெளியே வராது. படித்த மனிதர் பேசுகிற பேச்சா?

மாமனாருக்கு அது சட்டென்று பிடித்துப்போயிற்று. புது இறக்கை போட்டார், குளிர்ந்த தண்ணீர் விட்டார், வால்வைத் திறந்து அடியில் ஒரு வாளியையும் வைத்தார். ஜல்லி விழாத அன்றைக்கு வால்வை மூடிவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து காலையில் யாரும் பார்க்காதபோது வாளியில் ஒரு கைப்பிடி ஜல்லி போடுவதுதான் மாப்பிள்ளையின் முதல் வேலை. மானம் போகிற பிழைப்பு. ஆனால் பம்ப் ஒழுங்காக ஓடியது.

இப்போது மூச்சிரைக்கப் பம்ப் அறைக்குள் நுழைந்தார்.

கத்தல் இல்லை. வால்வு திறந்தே இருந்தது. வாளி நிறைய ஜல்லி.

"நீங்க இல்லாட்டியும் நல்லாத்தான் விழுந்துச்சு," என்றார் மாமனார், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "போய்ப் படுங்க. உடம்பைப் பாத்துக்குங்க."

மாப்பிள்ளை அவரைத் திரும்பிப் பார்த்தார். மாமனாரின் வெள்ளைச் சட்டைப் பை ஒரு பக்கமாகக் கனத்துத் தொங்கியது, ஓரமெல்லாம் சாம்பல் நிறத் தூசு.