வெளிச்சத்தம்

கடைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். கல்லாவில் கடைக்காரி மெட்டில்டா. எதிரே, இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்த காசிலிங்கம். ஸ்டூலில் உயிரியல் புத்தகத்தோடு அவர் மகள் வேல்விழி.

"ஒரு பொட்டுச் சத்தம்கூட உள்ள வரக்கூடாது, தங்கச்சி. அப்படி ஒரு இயர்போன் எடு!" என்று கத்தினார் காசிலிங்கம். காதில் பஞ்சு வைத்தவர்கள் அடுத்தவரைச் செவிடாக நினைத்துத்தான் பேசுவார்கள்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"இவளுக்குத்தான். வார ஞாயித்துக்கெழம நீட். போன வருசம் பதினோரு மார்க்குல போச்சு. போன்ல கிளாஸ் வீடியோ பாத்துப் படிக்கணும். இன்னைக்குச் சாயங்காலம் எங்க தெருவுல அம்மன் கோயில் கொடை ஆரம்பம். மூணு நாளும் மைக் செட்டு அலறும்."

மெட்டில்டாவின் முகம் இளகியது. அவள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். துறைமுகத்தில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் அவள் புருசன், கொடை வந்தால் பகல் முழுக்கத் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு கிடப்பான்.

"எங்க மாதா கோயில் திருநாளுக்கும் இதே கூத்துதான். பத்துப் பன்னெண்டு குழாய் ஸ்பீக்கர் கெட்டியிருப்பானா அண்ணாச்சி?"

"பதினெட்டு" என்றார் காசிலிங்கம், யோசிக்காமல்.

"அந்த மைக் செட்டுக்காரன் மட்டும் என் கையில மாட்டட்டும். அதுல ஒரு குழாயக் கழத்தி அவன் காதுல வச்சே ஊதுவேன்."

வேல்விழி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள்.

"நீ படிளா" என்றார் அவர். பிறகு மெட்டில்டாவிடம், "அவன் என்ன செய்வான், பாவம். ஊர்க்காரங்க சத்தத்தக் கூட்டுலே, கூட்டுலேன்னு சொல்லுதாங்க. கூட்டுதான்."

இவ்வளவு நல்ல மனிதரை மெட்டில்டா அந்த மாதத்தில் பார்க்கவில்லை. சுவரோரம் கிடந்த பெரிய ஸ்பீக்கரில் மேளச் சத்தத்தைப் போட்டுவிட்டு, முதல் ஜோடியை வேல்விழியிடம் நீட்டினாள். அது காதின் வாசலிலேயே நின்றுவிட்டது.

"எல்லாம் கேக்கு" என்றாள் வேல்விழி.

இரண்டாவது ப்ளூடூத். வெளிச்சத்தத்தைத் தானே அழித்துவிடும் என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருந்தது.

"ஃபேன் சத்தம் போயிட்டு. மேளம் போவல."

"அது ஒரே மாதிரி வார இரைச்சலத்தான் அமுக்கும். மேளத்துல அடி விழுந்தா விட்டுரும்" என்று ஒப்புக்கொண்டாள் மெட்டில்டா.

"அதுவும் போக, அதுக்கு சார்ஜ் போட்டுக்கிட்டே கெடக்கணும். கொடை முடியுத வரைக்கும் எங்க தெருவுல வோல்டேஜ் நிக்காது. எடுத்து உள்ள வை" என்றார் காசிலிங்கம்.

மூன்றாவது வயர் உள்ளது. நுனியில் ரப்பர். "விலையில ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, இந்த ரப்பர்லதான் இருக்கு. காது ஓட்டைக்குச் சரியா அமைஞ்சா அடைச்சிரும்" என்ற மெட்டில்டா, சின்னது, நடுத்தரம், பெரியது என்று மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்தாள். வலது காதுக்கு நடுத்தரம் சேர்ந்தது. இடதுக்குப் பெரியதுதான் நின்றது. கடவுள் ஒரு ஆளின் இரண்டு காதையும் ஒரே அளவில் செய்வதில்லை என்பது இயர்போன் விற்பவர்களுக்குத் தெரியும்.

காசிலிங்கம் மகளின் காதோரம் குனிந்தார். "ஏளா, ஒனக்கு மாப்பிள்ள பாத்தாச்சு! வார மாசம் கல்யாணம்!"

வேல்விழி அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"இதையே குடு, தங்கச்சி."

"நீங்களும் ஒண்ணு எடுங்களேன். பஞ்சுல என்ன அடங்கும்?"

"இருபது வருசப் பழக்கம். எனக்கு இது போதும்."

மெட்டில்டா கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "போலீஸ்ல மனு குடுக்கப் போறேன். நாப்பது பேரு கையெழுத்து போட்டிருக்காவ. நீட் எழுதுத பிள்ளைக்கு அப்பா நீங்க. ஒங்க கையெழுத்துக்கு ஒரு மதிப்பு உண்டும்."

காசிலிங்கம் பேனாவைத் தொடவில்லை. "சாமி காரியம் தங்கச்சி. நான் போட்டா நல்லாருக்காது."

ஊருக்குப் பயந்த மனுசன் என்று மெட்டில்டா நினைத்துக்கொண்டாள். இரக்கப்பட்டு இரண்டு ஜோடி ரப்பரைச் சும்மாவே பையில் போட்டாள். "ஒங்கப்பா மாதிரி அப்பா யாருக்கு வாய்க்கும்? நல்லா எழுதும்மா" என்றாள்.

வேல்விழிக்குக் கேட்கவில்லை. அவள் இயர்போனைக் கழற்றவே இல்லை.

ஐந்தரை மணிக்கு, வீட்டின் பின்னறை ஜன்னலில் காசிலிங்கம் சாக்கை மடித்து ஆணி அடித்தார். ஒரு குடம் தண்ணீர், ஒரு தட்டு முறுக்கு, முழுக்க சார்ஜ் ஏற்றிய போன், எல்லாம் உள்ளே வைத்தாயிற்று.

"யப்பா, இந்த ஒரு வருசம் மட்டுமாவது..." என்று ஆரம்பித்தாள் வேல்விழி.

"ரப்பர நல்லா அமுக்கு" என்றார் அவர்.

கொடைக்கு வந்திருக்கும் சொந்தக்காரப் பிள்ளைகள் கூப்பிட்டுக் கெடுத்துவிடக் கூடாது. கதவைச் சாத்தி, வெளியே பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பஞ்சை இரண்டு காதிலும் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

தெருவுக்கு வந்து, கோயில் பந்தலில் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துக் கத்தினார்.

"ஏலே வீரபாகு, பிள்ளைய உள்ள வச்சுப் பூட்டியாச்சு. நம்ம செட்டுக் குழாய் பதினெட்டையும் போடுலே!"