வேர் பார்த்தல்

கண்ணாடிப் பெட்டியின் மூடியை அவள் தூக்கியதுமே அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"பிரௌனி, திருட்டுப் பிள்ளைங்க காத்து வாங்குற நேரமாயிடுச்சு போல."

நாய் வாலை ஆட்டியது.

அவள் நிமிரவில்லை. "பிரௌனி, சொந்தமா ஒண்ணு முளைக்க வைக்க வக்கில்லாதவங்க பேச்சையெல்லாம் காதுல போட்டுக்காதே."

நாய் அவளுக்கும் ஆட்டியது.

ஏற்காட்டில் அந்த ஒரே வீட்டை ஒரு சுவர் இரண்டாக்கியிருந்தது. அந்தப் பாதியில் அண்ணன் மனைவி சௌந்தரம். இந்தப் பாதியில் தம்பி மனைவி வசுமதி, இவள். புருஷர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பின்வாசல் பொது. நாயும் பொது.

நேருக்கு நேர் பேச்சு நின்று ஒன்பது வருஷம். காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

பெட்டிக்குள் ஸ்லிப்பர் ஆர்க்கிட் பூச்செடி நாற்றுகள். முப்பத்தொன்று. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு.

திருட்டு என்பது பொய்யில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு, சௌந்தரம் கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலை. அவளுடைய செடியில் பூத்திருந்த பூவிலிருந்து, செருப்பு மாதிரித் தொங்கும் அந்தப் பைக்கு மேலே, பல்குச்சி நுனியால் இவள் மகரந்தத்தை ஒற்றி எடுத்தாள். தன் பூவில் தடவினாள்.

காய் முற்றப் பத்து மாதம். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் விதை முளைத்து, பாட்டிலில் வந்து சேர இன்னும் இரண்டு வருஷம்.

"இதென்ன பிரௌனி, ஊறுகாயா?" என்று விசாரித்தாள் சௌந்தரம்.

போன ஐப்பசி மழையில் சௌந்தரத்தின் அந்தச் செடி அடியோடு அழுகியது. அன்று இவள் வீட்டில் பாயசம்.

அந்தச் செடியின் மிச்சம் இனி இந்தப் பெட்டியில்தான். பூக்க நாலு வருஷமாகும். இவளுக்கு அறுபத்தெட்டு. ஒரே ஒரு பூ போதும், சௌந்தரத்தின் கண் முன்னால்.

நட்டு இருபது நாள். வேரில் ஒட்டிய பாட்டில் ஜெல்லி போக மூன்று தண்ணீரில் கழுவி, பொடித்த மரப்பட்டையில் ஊன்றியது. ஒரு நாற்றுக்கு இரண்டே வேர். அது ஒடிந்தால் நாற்று போச்சு.

இன்று பதினேழு நாற்றுகளில் நடுவே புது இலை. ஊசி நுனி.

பின்வாசலில் காலடி.

சௌந்தரம் வந்து பெட்டியின் மேல் குனிந்தாள். மூச்சு கேட்டது. ஓர் இலையின் மேலே அவள் விரல் நின்றது, தொடவில்லை. வெளிர்ப்பச்சையில் கரும்பச்சைத் திட்டு. அவள் செடியின் திட்டு, அப்படியே.

நாய் காலடியில்தான் கிடந்தது. அவள் நாயைப் பார்க்கவில்லை.

"நல்லா வந்திருக்கு வசு" என்றாள். "தொடாம விடு. பொழைச்சுக்கும்."

போய்விட்டாள்.

வசுமதி பெட்டியின் மூடியைப் பிடித்தபடியே பின்வாசலைப் பார்த்தாள்.

ஒன்பது வருஷத்தில் முதல் வார்த்தை. அதுவும் நல்ல வார்த்தை.

சௌந்தரம் நாற்பது வருஷமாக ஆர்க்கிட் வளர்க்கிறவள். அவள் நாயிடம் 'வேணாம்' என்று சொன்னதையெல்லாம் வசுமதி செய்திருக்கிறாள். 'செய்' என்று சொன்னதையெல்லாம் விட்டிருக்கிறாள். இதுவரை ஒரு பழுதும் வந்ததில்லை.

தொடாம விடு.

ஏன் தொடக்கூடாது?

என்னமோ அவள் கண்ணில் பட்டிருக்கிறது. மேலே அல்ல, அடியில். பட்டைக்குள் அழுகல் பிடித்திருக்கும். அதை மறைக்கத்தான் இந்தக் கரிசனம். இன்னும் நாலு நாள் இவள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் முப்பத்தொன்றும் போய்விடும். அப்புறம் பாயசம் அந்த வீட்டில்.

ஒரே ஒரு வேரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஓரத்து நாற்றைப் பிடித்து இழுத்தாள். பட்டையை இறுகப் பற்றியிருந்தது. டக்கென்று ஒடிந்து வந்தது.

வெள்ளை வேர். பூனை முடிபோல மெல்லிய ரோமம். அழுகல் இல்லை.

அப்படியென்றால் அடுத்ததில்.

அடுத்ததும் ஒடிந்தது. அதுவும் வெள்ளை.

அந்தப் பக்கச் சன்னலில் எவர்சில்வர் டம்ளர் விழுந்து உருண்டது.

"அய்யோ வசு! வேணாம்டி! உன்னைக் கும்பிடறேன், விடுடி!"

பதறுகிறாள்.

கண்டுபிடித்துவிடுவேன் என்று பதறுகிறாள்.

வசுமதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மூன்றாவது நாற்றின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்தாள்.

இதில்தான் இருக்கும்.