அடுப்படிச் சுவரில் இரண்டு முட்டைகள்

பல்லி கத்தினால் அப்போது பேசியது பலிக்கும் என்பார்கள். இது பெரும்பிழை, திருத்தாமல் விட்டால் வருங்காலச் சந்ததி நம்மை மன்னிக்காது. பல்லி ஆமோதிப்பதில்லை, ஆட்சேபிக்கிறது.

செங்கோடனும் பூங்கோதையும் பழைய தோட்டத்து வீடொன்றை வாங்கி, குடிவருவதற்காகப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுப்படிச் சுவரின் வெடிப்பில் ஒரு பல்லித் தம்பதியின் இரண்டு முட்டைகள் இருந்தன.

"ஏனுங்க, இந்தச் செவுத்த இடிச்சு அடுப்படியப் பெருசாக்கிக்கலாமுங்க" என்றாள் பூங்கோதை.

"ஐயோ, வேண்டாம்!" என்று அலறியது ஆண் பல்லி.

"பாத்தீங்களா, பல்லியே சொல்லிருச்சு!"

கொத்தனார் கடப்பாரையை எடுத்தார்.

"போன வாரம் கெழக்கு ஜன்னல அடைச்சதும் உங்க வாயாலதான்" என்று சீறியது பெண் பல்லி. "அந்த ஆளு 'இருக்கட்டும்'னு சொல்றப்பக் கத்துங்க."

"அது நல்ல யோசனையாச்சே, அதை எப்படி எதிர்ப்பேன்?"

"கொள்கை பெருசா, குழந்தை பெருசா?"

செங்கோடன் சுவரைத் தட்டிப் பார்த்தார். "கெட்டிச் செவுரு. இருக்கட்டும் புள்ள."

பல்லிக்கு இமை கிடையாது. இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். திறந்த கண்ணோடு அந்த யோசனையை அது கடுமையாக ஆட்சேபித்தது.

அந்த அடுப்படியில் இன்றும் ஒருவர்தான் நிற்க முடியும். பூங்கோதை உள்ளே தோசை சுட, செங்கோடன் வாசற்படியில் நின்று மாவை நீட்டுகிறார்.