மணிக்கட்டு

"ஆளை இறக்கி ஆழம் பாத்துச் சொல்லுங்க. அப்புறம் புது பில்டிங் பத்திப் பேசலாம்," என்றாள் தோல் ஃபேக்டரி முதலாளி விஜயகுமாரி.

கழிவுத் தொட்டி என்று அவள் காட்டியதை நெருங்கும்போதே நாற்றம் மூக்கைத் துளைத்தது. மூடி திறந்ததும் மேஸ்திரி சூரியபிரகாஷ் சட்டையைக் கழற்றினான். காண்ட்ராக்டர் நத்தானியேல் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"உள்ள விஷ கேஸ் இருக்கும் மேடம். மீட்டர் வெச்சுப் பாக்காம இறக்க மாட்டேன்."

"முன்னாடி வந்த ரெண்டு காண்ட்ராக்டரும் உடனே இறக்குனாங்களே?"

"மூச்சப் புடிச்சிக்கினு போய்ட்டு வந்துர்றேண்ணா," என்று சூரியபிரகாஷ் கெஞ்சினான். "இதை விட்டா நமக்கு வேற வேலை இல்ல."

"நீ மேல வரலன்னா உன் பொண்டாட்டிக்கு நான் இன்னா பதில் சொல்றது?" நத்தானியேல் அவனைப் பின்னால் இழுத்தார். "இந்த வேலை வேணாம் மேடம்."

விஜயகுமாரி சுவரோரம் கிடந்த சாக்கை விலக்கினாள். டிரம் நிறைய அழுகிய தோல்.

"நாத்தம் இதுலேர்ந்துதான் வருது. அது புதுசா கட்டின மழைத்தண்ணித் தொட்டி. கழிவு ஒரு சொட்டுகூட அதுல விழல. ஆளை இறக்குறீங்களான்னு பாக்கத்தான் சொன்னேன். பில்டிங் வேலை உங்களுக்குத்தான். அவன் கையை விடுங்க."

நத்தானியேல் விடவில்லை.

"மழைத்தண்ணித் தொட்டின்னாலும் மூடிக் கெடந்தது. மீட்டர் வரட்டும் மேடம்."